மாமா என்றொரு கம்ப்யூட்டர்

அவருக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அது வருகிறது, வாக்காளர் பட்டியலில் வருகிறது. மற்றபடி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதத்திலிருந்து அவர் லேபிள்தான். கூட வேலை செய்கிறவர்கள் கேலிக்கு வைத்த பேர். அவருக்கோ அதில் பரம சந்தோஷம். ஒரு மனிதனுக்கு இவ்வளவு சரியாக ஒட்டிக்கொள்கிற பேர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வேலை இதுதான்: ரத்தம் எடுத்த குப்பியில், அது யாருடைய ரத்தம் என்று சீட்டு ஒட்டவேண்டும். இதற்கென்ன பெரிய படிப்பு என்று நினைப்பீர்கள். லேபிள் ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு தரம் பேர் கேட்பார். குத்தி முடித்து, வந்தவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கும்போது இன்னொரு தரம் கேட்பார்.

“இப்பதானே சொன்னேன்?” என்று அவர்கள் எரிந்து விழுவார்கள்.

“அது ஊசிக்கு. இது குப்பிக்கு,” என்பார் லேபிள்.

இருபத்தொரு வருஷத்தில் ஒருத்தருடைய சர்க்கரை இன்னொருத்தருடைய ரத்தத்தில் ஏறியது கிடையாது. மேலதிகாரிகள் வந்தார்கள், போனார்கள், ஒருத்தர் கூட அவருக்குக் கைகொடுத்துப் பாராட்டியதில்லை. நடக்காத தப்புக்கு யார் கைதட்டுவார்கள்?

கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சீட்டு அடிக்கிற சின்ன மெஷின் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொண்டார். சுவரில் இருக்கிற சுவிட்சுகளில் ‘விசிறி’, ‘விளக்கு’ என்று இருக்கும். எதற்குமே உதவாத ஒரு சுவிட்சில் ‘ஒன்றுமில்லை’ என்று இருக்கும். குடையில் ‘இது நம்முடையது’. சமையலறை டப்பாவில் ‘உப்பு’ என்று இருந்ததை, ஒருநாள் மனைவி வேண்டுமென்றே சர்க்கரை போட்டு வைத்துச் சிரித்ததிலிருந்து, ‘சத்தியமாக உப்பு’ என்று மாற்றி ஒட்டியிருக்கிறார்.

அந்த மனைவி டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அவர் பிரேக் டீச்சர். பக்கத்து இருக்கையின் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்திருக்கிற வண்டியில் பதினாறு வருஷம் உட்கார்ந்த கால் அது. வீட்டில் லேபிள் நீட்டி முழக்கிப் பேச ஆரம்பித்தால் அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தும். பேச்சு நிற்காவிட்டால் இன்னும் அழுத்தும்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். மாடியில், இவர்கள் அறைக்குப் பக்கத்து அறையில், லேபிளின் அக்கா மகள். அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். பெண் இங்கே வேலை கிடைத்து வந்து மாமா வீட்டில் தங்கிவிட்டாள். இருபத்து நாலு வயசானாலும் எல்லாருக்கும் அவள் குட்டி. வீடியோக்களில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக் கீழே எழுத்தாகத் தட்டுகிற வேலை அவளுக்கு. காதில் மாட்டிய ஹெட்போனைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள் என்று லேபிள் சந்தேகப்பட்டார்.

கீழே லேபிளின் அப்பா. வயசு எழுபத்தாறு. அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். அங்கிருந்து வந்த பிறகும் அவருக்கு ஒரு வேலை உண்டு, அதுவும் முப்பத்திரண்டு வருஷமாக: ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி அமைக்கிறார். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டம் தயாராகிவிடும். வெள்ளியும் சனியும் அடுத்த வாரத்துக்குச் சொல் தேடுவார், ஞாயிறு கோடு போடுவார், மற்ற நாளெல்லாம் குறிப்பு எழுதுவார். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் பெரியவருக்கு வாரம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் ஒரே நாள்தான்.

சிக்கல் அந்தக் கட்டத்தில்தான் வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு போன். நல்ல வேளை, லேபிள் எடுத்தார். ஆசிரியர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். வாசகர்கள் கடிதம் போடுகிறார்களாம், குறிப்பும் கட்டமும் ஒத்துப்போகவில்லையாம், ஐயாவுக்கு வயசாகிவிட்டதே, ஓய்வு கொடுத்துவிடலாமா என்று இழுத்தார்.

“வேண்டாம் சார். இனிமே நான் ஒரு தடவை பாத்துட்டு அனுப்பறேன்,” என்றார் லேபிள்.

பார்த்தார். ‘கத்தரிக்கோல்’ என்பது ஏழு எழுத்து. பெரியவர் ஆறு கட்டத்தில் திணித்திருந்தார், நடுவில் ஒரு ‘க்’ காணவில்லை. அச்சகத்தில் ஒரே ஒரு ஒற்று தப்பிப்போனதற்காக மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்த மனுஷர் அவர். இது தெரிந்தால் யாரும் நிறுத்தச் சொல்லவேண்டாம், தானே பேனாவை மூடி வைத்துவிடுவார். அப்புறம் அவரை எழுப்பி உட்கார வைக்க யாராலும் முடியாது.

அன்றிலிருந்து ஒரு கள்ள ஏற்பாடு. பெரியவர் வியாழக்கிழமை கட்டத்தைப் பென்டிரைவில் போட்டு, “குட்டி, அனுப்பிடு” என்று பேத்தியிடம் கொடுப்பார். அவள் தப்பைத் திருத்துவாள். அதே பென்டிரைவில் மாமாவுக்கு ஒரு குறிப்பும் எழுதி வைப்பாள். லேபிள் சரிபார்த்துப் பத்திரிகைக்கு அனுப்புவார். பிரேக் டீச்சருக்கும் விஷயம் தெரியும். மூன்று பேரும் பெரியவர் முன்னால் பால் குடித்த பூனை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அச்சில் வந்ததைப் பெரியவர் திருப்பிப் பார்ப்பதில்லை. போனது போனதுதான், அடுத்ததைப் பார்ப்போம் என்பது அவர் கொள்கை.

இப்போது கம்ப்யூட்டர் கதைக்கு வருவோம்.

வீட்டில் ஒரே இணைப்பில் ஐந்து சாமான்கள்: பெரியவருடைய பழைய மேசைக் கம்ப்யூட்டர், டீச்சரின் லேப்டாப், குட்டியின் கம்ப்யூட்டர், லேபிளுடையது, ஒரு பிரிண்டர். ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கும். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளி என்று ஆரம்பித்து மூச்சு வாங்கச் சொல்லவேண்டிய எண். அதையாவது நிலையாக வைத்திருக்கிறதா என்றால், கரண்ட் போய் வந்தால் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டுவிடும். நேற்று பிரிண்டருக்கு இருந்த எண் இன்று டீச்சரின் லேப்டாப்புக்கு. லேபிளுக்கு இது தெரிந்த அன்றைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒருத்தர் குப்பியில் இன்னொருத்தர் சீட்டு, அதுவும் தன் வீட்டுக்குள்ளேயே!

ஒரு சனிக்கிழமை காலையில் களத்தில் இறங்கினார். திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்றைத் தூசி தட்டி, செருப்பு அடுக்குகிற ஸ்டாண்டின் மேல்தட்டில் உட்கார வைத்தார். அதை நேம் சர்வர் ஆக்குவது திட்டம்.

“அப்படின்னா?” என்றார் டீச்சர்.

“யாராவது பேரைச் சொல்லிக் கேட்டா, அது நம்பரைச் சொல்லும். அவ்வளவுதான் அதோட வேலை. நம்ம நம்பரையே மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் மாறாத நம்பர் ஒண்ணு, அதுக்கு ஒரு பேர். எல்லாக் கம்ப்யூட்டர்கிட்டயும், சந்தேகம் வந்தா முதல்ல இவனைக் கேளுன்னு சொல்லி வச்சுட்டா…”

டீச்சரின் கால் தரையை அழுத்தியது. லேபிள் நிறுத்திக்கொண்டார்.

முதலில் அவர் வைத்த பெயர்கள் பரிசோதனைக் கூடத்து முறைப்படி இருந்தன. மாடி, இடது பக்கம், ஒன்று என்பதைச் சுருக்கி ‘மா-இ-01’. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“இது கம்ப்யூட்டரா, ஜெயில் கைதியா? வாயில நுழையற மாதிரி வைங்க. நம்ம எப்படிக் கூப்பிடறோமோ அப்படி வச்சா யாரு மறப்பாங்க?”

லேபிளுக்கு அது நியாயமாகப் பட்டது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேர் வைக்கும் வைபவம் ஆரம்பித்தது.

“கீழ இருக்கிறது?”

“மாமாவோடது. மாமான்னே போடுங்க,” என்றார் டீச்சர். மாமனாரை அவர் வேறு எப்படிக் கூப்பிடுவார்? சர்வருக்கு இங்கிலீஷ் எழுத்துதான் வசதி என்பதால் எம், ஏ, எம், ஏ என்று தட்டினார் லேபிள்.

“குட்டி தாத்தான்னு கூப்பிடுவாளே? அவளுக்காக இன்னொரு பேரும் அதுக்கே வைப்போம். தாத்தாவுக்கு எத்தனை ஹெச்?”

“ரெண்டு.”

“மூணு வரும் போலிருக்கே.”

“மூணு போட்டா தாத்தா மூச்சு வாங்கற மாதிரி இருக்கு. ரெண்டே போதும்.”

குட்டியின் கம்ப்யூட்டர் குட்டி. பிரிண்டர் பிரிண்டர். டீச்சருடையது டீச்சர்.

“என்னோடதுக்கு?” என்றார் லேபிள், கொஞ்சம் ஆசையாக.

“உங்களை நான் எப்படிக் கூப்பிடறேன்?”

யோசித்தார். பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் டீச்சர் அவரைக் கூப்பிட்டது ஒரே மாதிரிதான். ஆக, அந்த வீட்டு நெட்வொர்க்கில் லேபிளின் கம்ப்யூட்டருக்கு ‘ஏங்க’ என்று பெயர் பதிவானது. பக்கத்தில் ‘லேபிள்’ என்று இன்னொரு பெயரும், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். லேபிள் கண்டுபிடிக்கவில்லை. ஊசிக்கு ஒரு தரம், குப்பிக்கு ஒரு தரம் என்று ஊரையெல்லாம் பேர் கேட்கிற மனுஷர், வீட்டில் மனைவியை மட்டும் கேட்டுவிட்டு, உலகத்தில் எல்லாரும் அவள் வாயாலேயே கூப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

மத்தியானம் சோதித்துப் பார்த்ததில் ‘மாமா’ வேலை செய்தது, ‘தாத்தா’ வரவில்லை. ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், ஒன்று திறக்கிறது, மற்றொன்று முறைக்கிறது. நாலு மணி வரைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் பிடிபடவில்லை. டீ குடிக்கக் கூப்பிட வந்த பெரியவர் பின்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“என்னடா இது, பாட்டா?”

“பேர்ப் பட்டியல்ப்பா.”

“எல்லா வரியிலயும் கடைசில புள்ளி இருக்கு. இந்த ஒரு வரில மட்டும் இல்லையே, அப்படித்தானா?”

அப்படி இருக்கக்கூடாது. பெயரை வீட்டுப் பெயரோடு சேர்த்து முழுசாக எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைத்தாகவேண்டும். வைக்காவிட்டால், பேர் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு சர்வர் வீட்டுப் பெயரை இன்னொரு தரம் ஒட்டிக்கொள்ளும். தாத்தா என்றால் ‘மாமா வீடு’தான் என்று எழுதிய வரியில் அது ‘மாமா வீடு வீடு’ ஆகி, அப்படி ஒரு வீடே இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. லேபிள் புள்ளியை வைத்தார். தாத்தா வந்துவிட்டார்.

“டீ ஆறுது,” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் இறங்கிப் போனார். தன்னுடைய கட்டத்தில் எழுத்தையே கோட்டைவிடுகிறவருக்கு அடுத்தவன் எழுதியதில் ஒரு புள்ளி கூடத் தப்பவில்லையே என்று லேபிளுக்கு மனசு என்னவோ செய்தது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

கடைசியாகக் குட்டியின் கம்ப்யூட்டர். அவள் வேலையில் இருந்தாள், ஹெட்போனைக் கழற்றாமலே நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். லேபிள் உள்ளே போய், பேர் கேட்க வேண்டியது செருப்பு ஸ்டாண்டில் இருக்கிறவனிடம்தான் என்று எழுதி வைத்தார். தோளைத் தட்டினார்.

“இனிமே பென்டிரைவைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். யாருக்கு என்ன அனுப்பணுமோ, கூப்பிடற மாதிரியே பேரைத் தட்டு. அவங்க பெட்டி திறக்கும், உள்ள போட்டுடு.”

“சரி மாமா,” என்றாள் குட்டி.

அந்த ‘மாமா’வாவது காதில் விழுந்திருக்க வேண்டாமா? விழவில்லை. இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம் அது, கடிகார முள்ளின் சத்தம் மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஒரு கலவரம் நடந்தது. டீச்சர் துணி தேய்க்க இடம் தேடி, ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தேய்ப்புப் பெட்டியை மாட்டினார். பேர் சொல்ல ஆள் இல்லாமல் வீடு மொத்தமும் ஊமையானது. குட்டி மாடியிலிருந்து “இன்டர்நெட் போச்சு!” என்று அலறினாள், பெரியவர் கீழேயிருந்து “கரண்ட் இருக்கே!” என்று பதில் கொடுத்தார். டீச்சர் மட்டும் நிம்மதியாகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அந்த ஒயரில் ‘கையை வைத்தால் நான் பொறுப்பல்ல’ என்று ஒரு சீட்டு ஏறியது.

வியாழக்கிழமை வந்தது.

லேபிள் கூடத்திலிருந்து நாலு மணிக்கு வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். பெட்டி காலி. குட்டியின் அறைக்குப் போனார்.

“இன்னும் முடியலையா?”

“அப்பவே போட்டுட்டேனே மாமா. மூணு மணிக்கு முன்னாடியே. நீங்க சொன்ன மாதிரி பேரைத் தட்டினேன், டக்குன்னு திறந்தது. சூப்பர் மாமா!”

“என்ன பேர் தட்டினே?”

“மாமான்னுதான்.”

லேபிள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பேய் முழி முழித்தார் என்று சொல்வார்களே, அதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் குட்டிக்குத் தெரிந்தது. நாலு வார்த்தையில் அவர் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவளும் அதே முழி முழித்தாள்.

“என்ன எழுதியிருந்தே?”

அவள் தன்னிடம் இருந்த பிரதியைத் திறந்து காட்டினாள்.

‘மாமா, இந்த வாரம் ஏழு தப்பு. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். போன வாரம் ஆறுதான், பாவம், கூடிக்கிட்டே போகுது. வழக்கம் போல அவர் போட்டதையே அனுப்பினதா சொல்லிக்கலாம். தாத்தாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா நிறுத்திடுவாரு.’

பெரியவர் மூன்றிலிருந்து ஐந்து வரை தெருமுனை நூலகத்தில் இருப்பார். மணி நாலு இருபது. பார்க்காமலே போயிருக்கவும் கூடும். டீச்சரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் சத்தமில்லாமல் படியிறங்கினார்கள். டீச்சர் வாசலில் காவல், பெரியவர் தலை தெரிந்தால் இருமவேண்டும். லேபிளும் குட்டியும் உள்ளே.

அறை எப்போதும் போல இருந்தது. கட்டிலில் மடித்த போர்வை, ஜன்னலோரம் அகராதிகள், மேசையில் பென்சில்கள் நீளவாரியாக. கம்ப்யூட்டரை அணைக்காமலே போயிருந்தார். லேபிள் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை அசைத்தார். திரை வெளிச்சமானது. குட்டியின் கடிதமும் அவள் திருத்திய கட்டமும் திறந்தபடியே இருந்தன. பக்கத்தில் ஒரு தாளில் இந்த வாரக் கட்டம், சிவப்புப் பேனாவால் ஏழு இடத்தில் வட்டம்.

தன் கையாலேயே, தன் சர்வராலேயே, அப்பாவின் தலையில் இதைப் போட்டுவிட்டோமே என்று லேபிளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. வாசலில் டீச்சர் இருமினார். இன்னும் பலமாக இருமினார்.

“என்னம்மா, தொண்டை சரியில்லையா? வெந்நீர் குடி,” என்று சொல்லிக்கொண்டே பெரியவர் உள்ளே வந்துவிட்டார். “கண்ணாடியை வச்சுட்டுப் போயிட்டேன். என்னடா, என் நாற்காலில உக்காந்திருக்கே?”

கையும் களவுமாகப் பிடிபட்ட மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். பெரியவர் மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

“எனக்கு ஒரு லெட்டர் வந்திருந்தது. மாமான்னு ஆரம்பிச்சிருந்தது. என்னை மாமான்னு கூப்பிடறது மருமக ஒருத்திதானே, அவதான் எழுதியிருக்கான்னு படிச்சேன்.”

“மாமா, அது நான் இல்ல…” என்று டீச்சர் தடுமாறினார்.

“தெரியுதும்மா. ஏழு தப்பை நீ பாத்திருந்தா வண்டியை ஓரங்கட்டி இறங்கித் திட்டியிருப்பே. இப்படிப் பக்குவமா எழுத உனக்கு வராது.”

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. லேபிள்தான் வாயைத் திறந்தார். “அப்பா, தப்பு என்னோடது. பேர் மாறிப் போச்சு.”

“என்ன மாறிப் போச்சு? மாமான்னு போட்டது மாமாவுக்கு வந்தது.” பெரியவர் தாளை எடுத்தார். “ஆனா ஏழு இல்ல. ஆறுதான். ‘இது ஒரு கிழமை, முழு மாதமும் இதுவே’ன்னு ஒரு குறிப்பு இருக்கு. விடை திங்கள். அதைப் போய் ‘முழு நிலவும் இதுவே’ன்னு திருத்தியிருக்கு. திங்கள்னா மாசம்னும் அர்த்தம் உண்டு. தாத்தாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு.”

குட்டியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. “தாத்தா, நான் வந்து…”

பெரியவர் கையை உயர்த்தினார்.

“தாத்தா இங்க இல்ல. லெட்டர்ல என்ன எழுதியிருக்கு? தாத்தாகிட்ட மூச்சு விடாதீங்கன்னு எழுதியிருக்கு. நான் விடல. நீங்களும் விடாதீங்க.” அவர் தாளை மடித்தார். “அவருக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாரு. நிறுத்திட்டு என்ன செய்வாரு, பாவம்.”

குரல் ஒரு இடத்தில் உடைந்தது, ஆனால் சட்டென்று சரி பண்ணிக்கொண்டு, நூலகத்தை மூடிவிடுவார்கள் என்று சொல்லிக் கிளம்பிப் போய்விட்டார். டீச்சர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார், ரொம்ப நேரம். திங்களைப் பழையபடி மாதமாக்கி லேபிள் கட்டத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார்.

அப்புறம் மாடிக்குப் போய் சர்வரின் பட்டியலைத் திறந்தார். கேட்கிறது யார் என்று பார்த்துப் பதிலை மாற்றிச் சொல்லவும் அதற்குத் தெரியும், புத்தகத்தில் படித்து வைத்திருந்தார். டீச்சர் ‘மாமா’ என்று கேட்டால் கீழே அனுப்பும், குட்டி ‘மாமா’ என்று கேட்டால் இங்கே அனுப்பும். பத்து வரி வேலை. எழுதத் தொடங்கினார். நாலாவது வரியில் பின்னால் டீச்சரின் கால் தரையை அழுத்துகிற சத்தம் கேட்டது.

“எதுக்குங்க?”

“பேர் தப்பா இருக்கே.”

“யாருக்குத் தப்பு? அவருக்கு ஒரு லெட்டர் வருது, வாராவாரம். அதை நிறுத்தப் போறீங்களா?”

தப்பான குப்பியில் தப்பான சீட்டு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தும் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போவது லேபிளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று வேறு யாருக்கும் சொன்னால் புரியாது. கை பரபரத்தது. எழுதிய நாலு வரியையும் ஒவ்வொன்றாக அழித்தார், பட்டியலை மூடினார். குட்டியிடம் போய், மாமா மாமாவாகவே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை லேபிளுக்கு விடுமுறை. குட்டி திருத்தி முடிக்கிற வரைக்கும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கூடவே மனசுக்குள் எண்ணிக்கொண்டும் வந்தார். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தட்டினாள்: ‘மாமா, இந்த வாரம் நாலே நாலு தப்புதான்.’

“ஒன்பதாச்சே?” என்றார் லேபிள் மெதுவாக.

“தெரியும். பேசாம இருங்க.”

அனுப்பினாள். பேர் கேட்டது, எண் கிடைத்தது, பெட்டி திறந்தது, கடிதமும் திருத்திய கட்டமும் கீழே போய் விழுந்தன. இரண்டு பேரும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்கள். கால்மணி நேரத்தில் குட்டியின் பெட்டியில் ஒரு பதில் வந்தது. எழுத்துப்பிழை இல்லாமல், ஒற்றெல்லாம் சரியாக, நிறுத்தி நிதானமாகத் தட்டிய பதில்.

‘குட்டி, ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. தாத்தாகிட்டதான் மறைக்கணும். என்கிட்ட எதுக்கு மறைக்கறே? இப்படிக்கு, மாமா.’